கட்டில் மேல் இருந்த கூடை

பூச்சி மருந்து அடிக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால், என்னைப் போல ஓய்வு பெற்றவன் வழக்கமாகத் தான் ஜெயித்த கதையைத்தான் எடுப்பான். என்னிடமும் அந்த மாதிரி இரண்டு மூன்று உண்டு. ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கரப்பானை ஒழித்துக் கொடுத்த கதையை என் மனைவி ஸ்டெல்லா நூறு தடவையாவது கேட்டிருப்பாள். அதை விடுங்கள். நான் சொல்லப்போவது ஒரு சின்ன வீட்டில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து அடித்த வேலை. உங்களில் பாதிப் பேர் அதை ஒரு வேலையாகவே மதிக்க மாட்டீர்கள். நானும் மதிக்கவில்லை.

அப்போது இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. மைசூரு மண்டி மொஹல்லாவில், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்துக்குள் கடை. நானும் இரண்டு ஆட்களும். தற்பெருமைக்குக் குறைச்சல் இல்லை. அருள் வந்துவிட்டுப் போன வீட்டில் எறும்புகூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சிவசாமி சார் கடைக்கு நேரில் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் ரயில்வேதான், அந்தக் காலத்திலேயே ஈரோட்டுப் பக்கமிருந்து மைசூருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். மனைவி போய் மூன்று வருஷம், ஒரே மகள் நந்தினி கல்யாணமாகி பெங்களூரில். வந்தவர் உட்காருவதற்கு முன்பே பேன்ட்டைச் சுருட்டிக் கணுக்காலைக் காட்டினார். சிவப்புச் சிவப்பாக இருபது முப்பது கடி.

“கொசுன்னு நெனைச்சேன் சார். பக்கத்து வீட்டம்மா பாத்துட்டுக் கன்னடத்துல ‘சிகட’ங்கறாங்க. நம்ம தெள்ளுப்பூச்சிதானுங்களே? பரண்மேல பூனை குட்டி போட்டுச்சுங்க, அதுல இருந்துதான் வந்திருக்கணும்.”

“அதேதான் சார். பயப்பட ஒண்ணுமில்ல, பண்ணிடலாம்.”

“பயம் எனக்கில்லீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

நந்தினிக்கு ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வரவேண்டும். அம்மா இல்லாத வீடு என்று சம்பந்தி வீட்டில் ஆரம்பத்திலிருந்தே தயக்கம். இவர் மன்றாடிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். சம்பந்தியம்மா வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், நந்தினிக்காக ஒதுக்கிய அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் இரண்டு காலிலும் கடி.

“ஆம்பளை தனியா இருக்கற வீட்டுல இதெல்லாம் சரிப்படாது, நாங்களே பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க சார். நான் ரொம்பக் கேட்டுக்கிட்ட பிறகு, பத்து நாள் கழிச்சு வந்து பாக்கறோம், அப்ப சொல்றோம்னாங்க. அவ அம்மா இருந்திருந்தா இப்படிக் கேப்பாங்களா? அவங்க வர்றப்போ ஒரு பூச்சி கண்ணுல படக்கூடாது. எவ்ளோ மருந்து வேணாலும் அடிங்க.”

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் நம் தொழிலில் கேட்கவே கூடாதது. நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: சார், தெள்ளுப்பூச்சிக்குப் பாதி வேலை மருந்தில் இல்லை. பூனையை வெட்டர்னரி டாக்டரிடம் காட்டுங்கள். பூனை படுத்த துணி, மெத்தை உறை, விரிப்பு எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் துவையுங்கள். தினமும் மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போட்டு இழுங்கள். நான் தரை ஓரத்திலும் பிளவுகளிலும் மட்டும் கொஞ்சம் மருந்து வைக்கிறேன். கூட்டுப்புழுவாகக் கூட்டுக்குள் இருப்பவை இரண்டு மூன்று வாரத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கும், சம்பந்தியம்மாவிடம் அதை நான் பேசுகிறேன். இவ்வளவுதான். எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும், மூன்று வாரம் என்கிற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. “பத்து நாள் தாராளம் சார்” என்றேன்.

ஒரு வாடிக்கையாளர் கண் கலங்கினால் நீங்களும் கொஞ்சம் கலங்குங்கள், தப்பில்லை. மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள்.

மறுநாள் காலையில் நானே போனேன். ஆட்கள் இருவரும் வேறு வேலையில் இருந்தார்கள், எனக்கும் பதினோரு மணிக்கு அடுத்த இடம் இருந்தது. வீட்டைப் பார்த்து அசந்துவிட்டேன். ஒரு பிரசவத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்கு மூன்று தடவை அலைந்து லேகியத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் வாங்கி, டப்பா டப்பாவாகப் பெயர் ஒட்டி அடுக்கியிருந்தார். தாயையும் குழந்தையையும் குளிப்பாட்ட ஒரு அம்மாவைப் பேசி வைத்திருந்தார். நான் போனில் சொன்னபடி, தரையில் ஒரு சாமான் இல்லாமல் எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருந்தார்.

வேலை தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“குழந்தை சாமான் ஏதாவது இந்த ரூம்ல இருக்கா சார்? தொட்டில், டிரஸ், பொம்மை, எதா இருந்தாலும் வெளியே எடுத்துடுங்க.”

“சே சே, அதெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாதுங்க. குழந்தைக்குன்னு ஒரு சாமான் வீட்டுல இல்ல.”

பொய் இல்லை. நம் வீடுகளில் அதுதான் பழக்கம், எனக்கும் தெரிந்ததுதான். சரி என்று தலையாட்டிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, முகமூடியை மாட்டிக்கொண்டேன். அவர் பூனையையும் குட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

மெத்தையை எடுத்துவிட்ட வெறும் கட்டில். அதன்மேல் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் பழைய நூல் துணிகள், கிழிந்து நைந்து பஞ்சு மாதிரி மெத்தென்று. விளிம்பில் இரண்டு மூன்று பூனை முடி ஒட்டியிருந்தது. பூனைக்குப் படுக்கை போட்டிருக்கிறார் மனிதர் என்று நினைத்தேன். தெள்ளுப்பூச்சி முட்டையிடுவதே இப்படிப்பட்ட இடத்தில்தானே. எவ்ளோ மருந்து வேணாலும் அடிங்க என்று அவரே சொல்லியிருக்கிறார். கட்டிலைச் சுற்றி அடித்துவிட்டு, அந்தக் கூடையில் துணியை மருந்து அடிக்கும் கம்பியால் புரட்டிப் புரட்டி, அடிவரை நனைகிற மாதிரி அடித்தேன். பூனையின் படுக்கையாகவே இருந்தாலும் அது தப்பு. அதைத் துவைக்கச் சொல்லியிருக்க வேண்டும். முகமூடியைக் கழற்றி, “சார், இந்தக் கூடை யாருது?” என்று ஜன்னல் பக்கம் ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்தது. கழற்றி மாட்டச் சோம்பல். பதினோரு மணி வேலை வேறு.

அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு மணி நேரம் மூடி வையுங்கள், பிறகு ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள், தரையை இரண்டு நாளைக்குத் துடைக்காதீர்கள். எல்லாம் அப்படியே செய்திருக்கிறார். பத்தாம் நாள் சம்பந்தியம்மா வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கடி இல்லை. அன்று சாயங்காலம் சிவசாமி சார் போன் பண்ணி, “என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க சார்” என்றார். நானும் மார்தட்டிக்கொண்டேன்.

மருந்து அடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவசாமி சார் நம்பரிலிருந்து போன். பேசியது அவர் இல்லை.

“நான் அவரோட மாப்பிள்ளை பேசறேன். ஹாஸ்பிடல்ல இருக்கோம், டாக்டர் பக்கத்துல இருக்கார். நீங்க வீட்டுல என்ன மருந்து அடிச்சீங்க?”

குழந்தை பிறந்து ஆறு நாள். வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு நாள். உடம்பெல்லாம் சிவந்து, விடாமல் அழுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, எச்சில் வடிகிறது.

“அடிச்சு ஒரு மாசம் ஆச்சே சார்” என்றேன். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது.”

“ரூம்ல வேற எதையும் குழந்தை தொடல. பழைய புடவைத் துணியிலதான் சுத்தி வெச்சிருந்தோம். என் மாமியாரோட புடவையாம். மாமா முன்னாடியே துவைச்சு, கிழிச்சு, ஒரு கூடையில போட்டு வெச்சிருக்கார்.”

சோறு கையிலேயே நின்றது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டோம், பழைய நூல் புடவையைத்தான் கிழித்துச் சுற்றுவோம். என்னையும் அப்படித்தான் சுற்றியிருப்பார்கள். குழந்தைக்கென்று ஒரு சாமான் இல்லை என்று அவர் சொன்னது வாங்கிய சாமானை. செத்துப்போன மனைவியின் புடவைகளை அவர் சாமான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தரையில் எதுவும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதற்காகத்தான் அதைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தார்.

மூன்று விநாடியில் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. மருந்தின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என் தொழில் போய்விடும், பேப்பரில் வரும், போலீஸ் வரும் என்று என்னென்னவோ ஓடியது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

“பழைய துணின்னா அந்துருண்டை போட்டு வெச்சிருப்பாங்க சார். குழந்தைக்கு அது ஆகாது. அவரைக் கேட்டுப் பாருங்க.”

போனில் எனக்கு எல்லாம் கேட்டது. “மாமா, துணியில அந்துருண்டை போட்டீங்களா?” என்று மாப்பிள்ளை கேட்டார். “இல்லப்பா. நான் எதுவுமே போடல. வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காயவெச்சேன், அவ்ளோதான்” என்றார் சிவசாமி சார். ஒரு பெண் குரல், சம்பந்தியம்மாவாக இருக்க வேண்டும், “இதுக்குத்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்” என்றது. போன் வைக்கப்பட்டது.

ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் நர்ஸ். வேறொரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் பல வருஷம் இருந்தவள்.

“மருந்து பேரைத்தானே கேட்டாங்க?”

“ஆமா.”

“அதை ஏன் சொல்லல?”

அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். “அந்துருண்டைன்னு சொன்னா ரத்தம் உடையுதான்னு பாப்பாங்க. அந்தப் பச்சைப் புள்ள குதிகால்ல குத்திக் குத்தி ரத்தம் எடுப்பாங்க. திருப்பிப் போன் பண்ணுங்க.”

“பண்றேன்.”

“இப்பவே பண்ணுங்க.”

பண்ணவில்லை. அன்று மத்தியானம் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். ஒரு பெயரும் அளவும், பதினைந்து விநாடி வேலை. எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான், வேறு எந்தக் காரணமும் இல்லை.

இதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தப்பு எல்லாருக்கும் நடக்கும். நான் கூடையில் மருந்து அடித்தது அறியாமல் செய்தது, அதற்காக வெட்கப்படுகிறேன். போனில் பேசியது அறிந்து செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது டாக்டர் வேலை. பெயர், அளவு, எங்கே அடித்தீர்கள், என்றைக்கு அடித்தீர்கள், இதைச் சொல்லுங்கள். லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்கள். சொல்லிவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.

இரண்டு நாள் கழித்து நானே சிவசாமி சாருக்குப் போன் பண்ணினேன், சொல்லிவிடலாம் என்றுதான். அவர் முந்திக்கொண்டார். “குழந்தை தேவலாம் சார். அந்தத் துணியை மாத்தினதுமே சிவப்பெல்லாம் அடங்கிடுச்சு. ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நாலு தடவை எடுத்துப் பாத்தாங்க.” ஆண்டவரே என்று எனக்கு மூச்சு வந்தது. அதோடு சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிட்டேன். குழந்தைதான் பிழைத்துவிட்டதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்டெல்லா அந்த வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்று பதினோரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சிவசாமி சாரே மறுபடி கூப்பிட்டார். வீட்டில் கதவு நிலையில் கரையான். “வேற யாரையும் நம்பி விட மனசில்ல சார், நீங்களே வந்துடுங்க” என்றார். அந்த வார்த்தை கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போனேன்.

காபி கொடுத்தார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். இவர் பேசி வைத்த குளிப்பாட்டுகிற அம்மா இரண்டே நாள்தான் வந்திருக்கிறார். மிச்சமிருந்த புடவைகளைச் சம்பந்தியம்மா கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார்.

“நந்தினி வருவா சார், இல்லன்னு சொல்லல. நாள் கிழமைன்னா மாப்பிள்ளையோட வருவா. ஒரு மணி நேரம் இருப்பா. குழந்தையை மடியை விட்டுக் கீழ இறக்க மாட்டா. விரிப்புகூட அங்கிருந்தே எடுத்துட்டு வருவா.” “அந்துருண்டை போட்டுட்டுப் பயத்துல மறைக்கறேன்னு நெனைக்கறா. நான் அப்படிப்பட்டவனா? துணியை மாத்தினதும் சரியாயிடுச்சே, அப்ப துணியிலதானேப்பா என்னமோ இருந்திருக்கணும்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது? எனக்கே சில நாள் சந்தேகம் வருது, ஒருவேளை மறந்து போட்டிருப்பேனோன்னு.”

அங்கேயே சொன்னேன். கூடை, பூனை முடி, முகமூடி, போன், எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. கத்துவார், அடிப்பார்கூட என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முடிவில் அவர் கேட்டது ஒன்றுதான்.

“இதை அவகிட்ட சொல்வீங்களா?”

அவர் நம்பர் கொடுக்க, என் போனிலிருந்தே கூப்பிட்டேன். நந்தினி எடுத்தாள். யார் என்று சொன்னேன். பொறுமையாக ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். மருந்தின் பெயரைச் சொன்னேன், அளவைச் சொன்னேன், என் கடை லெட்டர்ஹெட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். சிவசாமி சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அங்கிள்” என்றாள் அவள் கடைசியில். குரலில் கோபமே இல்லை. “இதை அப்பா சொல்லச் சொன்னாரா?”

“இல்லம்மா. சத்தியமா நானா வந்து சொல்றேன்.”

“பரவால்ல அங்கிள். லெட்டர் எல்லாம் வேண்டாம். அப்பா மேல எனக்குக் கோபமில்லன்னு சொல்லுங்க, அவர் வேணும்னு பண்ணல, எனக்குத் தெரியும். இந்த மாதிரி யாரையாவது பிடிச்சுப் பேச வெக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க.” வைத்துவிட்டாள்.

“என்ன சொன்னா?” என்று கேட்டார் சிவசாமி சார்.

கோபமில்லையாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மனிதரிடம் பாதி மறைத்துப் பேசியது போதும் என்று தோன்றியது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவ மேல தப்பில்லீங்க. பெத்த அப்பன், நான் சொன்னதையே அவ நம்பல. உங்களை எப்படி நம்புவா? அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ என்னை எதையும் கேட்டிருக்கவே மாட்டா.”

சொல்லிவிட்டு, நான் குடித்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.